டிஸ்க் அடுக்கும் டி.பி.ஏ.க்களின் கிண்டலும்

டேட்டாபேஸ் வேலைக்குப் புதிதாக வருபவர் சேர்ந்த சில நாளிலேயே ரெய்டு பற்றி இரண்டு மூன்று ஜோக்குகளைக் கேட்டுவிடுவார். டீ இடைவேளையில் சீனியர் ஒருவர் சொல்வார், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், புதியவரும் சேர்ந்து சிரித்துவைப்பார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் விளக்குவதில்லை. இந்த அத்தியாயத்தில் அந்த ஜோக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, பின்னால் இருக்கும் கணக்கைப் போட்டுப் பார்க்கப்போகிறோம். ஸ்டோரேஜ் குழுவோடு உட்கார்ந்து பேசும்போது ஜோக் கைகொடுக்காது, கணக்குதான் கைகொடுக்கும்.

ரெய்டு என்ற ஏற்பாட்டுக்குப் பெயர் சூட்டியது 1988-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதியது. அவர்கள் அதை அளித்த இடம் சிக்மாட் மாநாடு, அதாவது டேட்டாபேஸ்காரர்களின் மாநாடு. விலை உயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறிய டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு போகாதபடி அடுக்கலாம் என்பது அவர்கள் வாதம். பெயரிலேயே ‘மலிவான’ என்ற சொல் இருந்தது. ஸ்டோரேஜ் கம்பெனிகள் வியாபாரத்தில் இறங்கிய பிறகு அந்த இடத்தில் ‘தனித்தனியான’ என்ற சொல் வந்து உட்கார்ந்தது. ‘பில்லைப் பார்த்த பிறகுதான் மாற்றினார்கள்’ என்று டி.பி.ஏ.க்கள், அதாவது டேட்டாபேஸ் நிர்வாகிகள், சொல்வது இதைத்தான். அந்தக் கட்டுரையில் 1 முதல் 5 வரைதான் நிலைகள் இருந்தன. 0, 6, 10 எல்லாம் பிறகு புழக்கத்துக்கு வந்தவை.

அந்த சைபர் எதற்கு?

மிகப் பழைய ஜோக் இதுதான்: ‘ரெய்டு 0-வில் அந்த சைபர் எதைக் குறிக்கிறது? ஒரு டிஸ்க் போனால் திரும்பக் கிடைக்கும் ஃபைல்களின் எண்ணிக்கையை.’

ரெய்டு 0 தரவைத் துண்டு துண்டாக்கி எல்லா டிஸ்க்குகளிலும் பரப்பிவைக்கிறது. உபரி நகல் எதுவும் இல்லை. எட்டு டிஸ்க்கில் ஒன்று போனால் எட்டும் போனதுபோல. ஒரு டிஸ்க் ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு டிஸ்க் ரெய்டு 0 அதே ஓராண்டில் விழும் வாய்ப்பு சுமார் 22 சதவீதம். டெஸ்ட் சர்வரில் வைத்துக்கொள்ளுங்கள். உற்பத்திச் சர்வரில் தற்காலிக ஃபைல்களுக்கு மட்டும் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். தற்காலிகத் தரவு தொலைந்தால் நஷ்டமில்லை என்பது சரிதான். ஆனால் அந்த டிஸ்க் போன நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய குவெரிகள் எல்லாம் நிற்கும், சில டேட்டாபேஸ்களில் இன்ஸ்டன்ஸே விழும். எனவே அதற்கும் வேண்டாம் என்பதே என் கருத்து.

ரெய்டு 5: ஒரு சங்கமே கிளம்பிய கதை

டி.பி.ஏ.க்கள் அதிகம் கிண்டலடிப்பது ரெய்டு 5-ஐத்தான். 2003 வாக்கில் டென்மார்க்கைச் சேர்ந்த மோகன்ஸ் நோர்கார்ட், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மோர்ல் என்ற இரண்டு ஆரக்கிள் நிபுணர்கள் ‘பார்ஃப்’ என்று ஓர் இயக்கத்தையே தொடங்கினார்கள். எந்த ரெய்டு 5 ஆனாலும் அதற்கு எதிரான போர் என்பது அந்தப் பெயரின் விரிவு. சுருக்கெழுத்தாகப் படித்தால் ஆங்கிலத்தில் வாந்தி எடுப்பதற்கான சொல்போல ஒலிக்கும். ரெய்டு 5-ஐ மட்டுமல்ல, அதன் உறவுமுறையான 3, 4 நிலைகளையும் சேர்த்தே ஒதுக்கினார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் போய் அதே வாதத்தை முதலிலிருந்து தொடங்கிச் சலித்துப்போனவர்களின் விளையாட்டு அது. ஆனால் அதில் பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்கள் ஆரக்கிள் செயல்திறன் துறையில் மதிக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பதை இனிப் பார்ப்போம்.

நான்கு டிஸ்க் உள்ள ஒரு ரெய்டு 5-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் மூன்று டிஸ்க்கில் தரவு, நான்காவதில் பாரிட்டி. தரவு 1011, 0110, 1100 என்று இருக்கட்டும். ஒவ்வொரு பத்தியிலும் ஒன்றுகளை எண்ணுங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் பாரிட்டியில் 1, இரட்டைப்படை என்றால் 0. அப்படிப் பார்த்தால் பாரிட்டி 0001.

இப்போது டேட்டாபேஸ் இரண்டாவது டிஸ்க்கில் உள்ள 0110-ஐ 0011 ஆக மாற்றச் சொல்கிறது. நேராகப் போய் எழுதிவிட முடியாது. பழைய 0110-ஐப் படிக்க வேண்டும். பழைய பாரிட்டி 0001-ஐயும் படிக்க வேண்டும். பழைய தரவு, புதிய தரவு, பழைய பாரிட்டி மூன்றையும் அதே ஒற்றை-இரட்டைக் கணக்கில் சேர்த்தால் புதிய பாரிட்டி 0100 என்று வரும். பிறகு புதிய தரவை எழுத வேண்டும், புதிய பாரிட்டியையும் எழுத வேண்டும். ஒரே ஒரு பிளாக்கை மாற்ற டிஸ்க்குகள் செய்த வேலை நான்கு. மிரர், அதாவது ஒரே தரவுக்கு இரண்டு டிஸ்க்கில் இரண்டு பிரதி, வைத்திருந்தால் இரண்டிலும் எழுதினால் முடிந்தது, இரண்டே வேலை. பாரிட்டி இரண்டு இருக்கும் ரெய்டு 6-இல் இதே மாற்றத்துக்கு ஆறு வேலை.

நன்மையையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது டிஸ்க் செத்துவிட்டது என்று வையுங்கள். மீதி இருப்பவை 1011, 0011, 0100. அதே கணக்கைப் போட்டால் 1100 திரும்பக் கிடைக்கிறது. மூன்று டிஸ்க் தரவைக் காக்க ஒரே ஒரு டிஸ்க் இடம்தான் செலவு. அழகான யோசனை, சந்தேகமில்லை. கோளாறு எங்கே வருகிறது என்றால், வங்கிப் பரிவர்த்தனை, டிக்கெட் பதிவு, பில்லிங் போன்ற டேட்டாபேஸ்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறிய பிளாக்குகளை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பவை. ரெய்டு 5-க்குப் பிடிக்காத வேலை அதுதான்.

டி.பி.ஏ.வும் ஸ்டோரேஜ் நிர்வாகியும் பேசுவது பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

‘எட்டு டிஸ்க் ஒதுக்கியிருக்கேன் சார். ரெய்டு 5. ஏழு டி.பி. உங்களுக்கு வரும்.’

‘இடம் இருக்கட்டுங்க. செகண்டுக்கு எத்தனை ரைட் தாங்கும், அதைச் சொல்லுங்க.’

‘கேஷ் இருக்கே சார், அது பார்த்துக்கும்.’

‘கேஷ் ரொம்பின பிறகு?’

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால் பேப்பரை எடுங்கள். ஒரு டிஸ்க் வினாடிக்கு 150 வேலை செய்யும் என்று கொள்வோம். எட்டு டிஸ்க்குக்கு 1,200. உங்கள் டேட்டாபேஸ் 60 சதவீதம் படிக்கிறது, 40 சதவீதம் எழுதுகிறது. மிரர் செய்து பரப்பும் ரெய்டு 10-இல் ஒரு கோரிக்கையின் சராசரிச் செலவு 0.6 உடன் 0.4 பெருக்கல் 2, அதாவது 1.4. 1,200-ஐ 1.4-ஆல் வகுத்தால் சுமார் 857. ரெய்டு 5-இல் செலவு 2.2, கிடைப்பது சுமார் 545. ரெய்டு 6-இல் செலவு 3, கிடைப்பது 400. அதே எட்டு டிஸ்க்குதான், வேலை பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. இடம் மட்டும் நேர்மாறு: ஒரு டி.பி. டிஸ்க் எட்டு என்றால் ரெய்டு 10-இல் 4 டி.பி., ரெய்டு 5-இல் 7, ரெய்டு 6-இல் 6. கொள்முதல் கமிட்டிக்கு முன்னால் போகும் தாளில் இடக்கணக்கு மட்டும் இருந்தால் ரெய்டு 5 ஜெயிக்கும். வேகக்கணக்கையும் பக்கத்துப் பத்தியில் எழுதிக்கொண்டு போவது உங்கள் பொறுப்பு.

ரெய்டு 5-ஐ எல்லா இடத்திலும் விலக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் எழுதினால் பழையதைப் படிக்கும் தேவையே இல்லை, புதிய தரவிலிருந்தே பாரிட்டியைப் போட்டுவிடலாம். இரவில் ஒருமுறை ஏற்றிப் பகலெல்லாம் படிக்கும் டேட்டா வேர்ஹவுஸ், பழைய ஆவணங்கள், பேக்கப் வந்து இறங்கும் இடம் ஆகியவற்றுக்கு ரெய்டு 5 அல்லது 6 பொருந்தும். டிஸ்க் பெரியதானால் 6-ஐயே எடுங்கள், காரணம் கீழே வருகிறது. ரிடோ லாகையும் போஸ்ட்கிரெஸின் வால் ஃபைல்களையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பாரிட்டி அடுக்கில் வைக்காதீர்கள். வாடிக்கையாளர் ‘கமிட்’ சொன்னதும் அந்த எழுத்து டிஸ்க்கில் இறங்கும்வரை அவர் காத்திருக்கிறார். அங்கே சேரும் ஒவ்வொரு மில்லிசெகண்டும் அவர் திரையில் தெரியும்.

கேஷ் என்ற அண்டா

கன்ட்ரோலர் கேஷ் வாசலில் வைத்த அண்டா மாதிரி. வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினாலும் வாங்கிக்கொள்ளும், ஆனால் அடியில் உள்ள குழாய் வடிக்கும் வேகம் மாறாது. மாதக் கடைசியில் பில்லிங் ஓட்டம் மணிக்கணக்கில் நடக்கும்போது கேஷ் நிரம்பும், அதற்குப் பின் மேலே போட்ட 545-தான் உங்கள் வேகம்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. எழுத்தை கேஷில் வாங்கிக்கொண்டு ‘எழுதியாயிற்று’ என்று பதில் சொல்லும் கன்ட்ரோலருக்குப் பேட்டரியோ, மின்சாரம் போனால் கேஷை ஃபிளாஷில் இறக்கிவைக்கும் ஏற்பாடோ கட்டாயம் வேண்டும். பேட்டரி உள்ள அட்டைகளில் சில மாடல்கள் குறிப்பிட்ட இடைவெளியில் பேட்டரியை முழுக்க வடித்து மறுபடி சார்ஜ் ஏற்றிச் சோதிக்கும். அந்தச் சில மணி நேரம் கேஷ் எழுத்துக்குப் பயன்படாது, எல்லாம் நேராக டிஸ்க்குக்குப் போகும். ‘மூணு மாசத்துக்கு ஒரு தடவை டேட்டாபேஸுக்குக் காய்ச்சல் வரும்’ என்று சொல்லிச் சிரிக்கும் அலுவலகங்கள் உண்டு. குவெரி பிளானில் மாற்றம் இல்லை, பூட்டு இல்லை, நெட்வொர்க் சரியாக இருக்கிறது, ஆனால் கமிட் மட்டும் திடீரென்று பல மடங்கு மெதுவாகிறது என்றால் கன்ட்ரோலர் லாகைத் திறந்து அந்த நேரத்தில் பேட்டரிச் சோதனை ஓடியதா என்று பாருங்கள். ஓடியிருந்தால் அதை ஞாயிற்றுக்கிழமை அதிகாலைக்கு மாற்றி வையுங்கள்.

‘ஹாட் ஸ்பேர் இருக்கு, பீரோவில்’

ஒரு டிஸ்க் பழுதான நாளிலிருந்து புது டிஸ்க் முழுதாக நிரம்பும் நாள்வரை உள்ள காலம்தான் மிகவும் ஆபத்தானது. எட்டு டிஸ்க் ரெய்டு 5-இல் ஒன்று போன பிறகு மீதி ஏழில் எது போனாலும் கதை முடிந்தது. எட்டு டிஸ்க் ரெய்டு 10-இல் செத்த டிஸ்க்கின் ஜோடி போனால்தான் ஆபத்து, அதாவது ஏழில் ஒன்று. முதலில் மிரர் செய்து பிறகு பரப்புவதுதான் ரெய்டு 10. முதலில் பரப்பிவிட்டுப் பிறகு அந்தப் பரப்பை மொத்தமாக மிரர் செய்யும் 0+1 ஏற்பாட்டில் ஒரு டிஸ்க் போனாலே அந்தப் பக்கம் முழுவதும் விழும், எதிர்ப்பக்கத்து நான்கில் எது போனாலும் எல்லாம் போகும். ஏழில் நான்கு. விற்பனைப் பிரதிநிதி இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நிரப்பும் நேரத்தையும் கணக்கிடுங்கள். 4 டி.பி. டிஸ்க்கை வினாடிக்கு 100 எம்.பி. வேகத்தில் நிரப்பினால் 40,000 வினாடி, 11 மணி நேரத்துக்கு மேல். அதுவும் சர்வரில் வேறு வேலையே இல்லாதபோது. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தால் பல மடங்கு ஆகும். அந்த நேரத்தில் ரெய்டு 5 மற்ற எல்லா டிஸ்க்குகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். சாதாரண சாட்டா டிஸ்க்கின் விவரத்தாளில், படிக்க முடியாத பிட் 10-இன் 14-ஆம் அடுக்குக்கு ஒன்றுக்கு மேல் போகாது என்று போட்டிருப்பார்கள். அது சுமார் 12.5 டி.பி. வாசிப்பு. எட்டு 2 டி.பி. டிஸ்க் ரெய்டு 5-ஐ மீட்க ஏழு டிஸ்க், மொத்தம் 14 டி.பி. படிக்க வேண்டும். விவரத்தாளில் உள்ளது உச்ச வரம்பு, நடைமுறையில் டிஸ்க்குகள் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் பெரிய டிஸ்க்குகளை ரெய்டு 5-இல் வைக்காதீர்கள் என்று சொல்வதற்கு இந்தக் கணக்கு போதும்.

இவ்வளவு ஆபத்தான காலத்தை யாருமே கவனிக்காமல் விட்டுவிடுவதுதான் பெரிய கொடுமை. சர்வரில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பீப் சத்தத்தை யாரோ அணைத்திருப்பார்கள், மாற்று டிஸ்க் ஸ்டோர் ரூமில் பூட்டிய பீரோவுக்குள் இருக்கும், சாவி வைத்திருப்பவர் லீவில் இருப்பார். லினக்ஸ் மென்பொருள் ரெய்டு என்றால் ப்ராக் அடைவில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து பாருங்கள். நல்ல டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் யு என்ற ஆங்கில எழுத்து இருக்கும், விட்டுப்போன டிஸ்க்கின் இடத்தில் வெறும் அடிக்கோடு. அந்த ஒரு அடிக்கோட்டைக் கண்டுபிடித்து உங்கள் போனுக்குத் தகவல் அனுப்பும் ஸ்கிரிப்டை இன்றே எழுதுங்கள். ஒரு டிஸ்க் போனதும் அதன் இடத்தைத் தானே பிடிக்கும் மாற்று டிஸ்க்கை, அதாவது ஹாட் ஸ்பேரை, அடுக்குக்குள்ளேயே செருகிவையுங்கள். மாதாந்திர முழுச் சோதனை ஓடுகிறதா என்றும் பாருங்கள். டெபியனின் பல பதிப்புகளில் அது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு கடந்து 57-ஆவது நிமிடத்தில் தொடங்கும்படி அமைத்திருப்பது வழக்கம்.

ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க்குகள் ஒன்றாகவே மூப்படையும் என்பதையும் மறக்காதீர்கள். 2019 நவம்பரில் ஹெச்.பி.இ. நிறுவனம் தன் எஸ்.எஸ்.டி. மாடல்கள் சிலவற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. ஃபர்ம்வேர் பிழையால் அவை 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், தரவையும் மீட்க முடியாது. 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஒரே நேரத்தில் சுவிட்ச் போட்ட எட்டு டிஸ்க்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சாகும். அந்த இடத்தில் ரெய்டு 10 என்ன, ரெய்டு 6 என்ன, எதுவும் காப்பாற்றாது. ஃபர்ம்வேர் அறிவிப்புகளைப் படிப்பது டி.பி.ஏ. வேலை இல்லை என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பரப்பு, எல்லாவற்றையும் மிரர் செய்

பார்ஃப்காரர்கள் எதிர்த்தது ஒன்றை என்றால், ஆதரித்தது எதை? ஆரக்கிள் நிறுவனத்தின் ஹுவான் லொய்சா எழுதிய கட்டுரை ஒன்று ‘சேம்’ என்ற பெயரில் பிரபலமானது. எந்த டேபிள் எந்த டிஸ்க்கில் என்று நாள்கணக்கில் வரைபடம் போடுவதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் எல்லா டிஸ்க்கிலும் 1 எம்.பி. துண்டுகளாகப் பரப்புங்கள், எல்லாவற்றையும் மிரர் செய்யுங்கள் என்பது அதன் சாரம். ஆரக்கிள் 10ஜி-யில் வந்த ஏ.எஸ்.எம். இதே யோசனையை மென்பொருளாகவே செய்துகொடுத்தது. எழுத்து அதிகமுள்ள டேட்டாபேஸுக்கு இன்றைக்கும் நான் சொல்லும் தொடக்கப் புள்ளி இதுதான்: ரெய்டு 10, எல்லா டிஸ்க்கிலும் பரப்பி.

எஸ்.எஸ்.டி. வந்த பிறகு இந்தச் சண்டையின் சூடு குறைந்திருக்கிறது. நான்கு மடங்கு வேலை என்பது மாறவில்லை, ஆனால் வினாடிக்குப் பல்லாயிரம் வேலை செய்யும் டிஸ்க்கில் அது பலருக்கு உறைப்பதில்லை. கிளவுடில் நிலைமை வேறு. அமேசானின் இ.பி.எஸ். வால்யூம் பின்னாலேயே பிரதி எடுக்கப்பட்டு வருகிறது. அங்கே ரெய்டு 5, 6 போட வேண்டாம், பாரிட்டி எழுத்தே நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்று அமேசானே தன் ஆவணத்தில் சொல்கிறது. வேகம் போதாதென்று அங்கே ரெய்டு 0 போடுபவர்கள் உண்டு. சைபர் ஜோக் கிளவுடிலும் செல்லும் என்பதை அவர்கள் மறக்கக் கூடாது.

‘ரெய்டு இருக்கே, பேக்கப் எதுக்கு?’

டி.பி.ஏ.க்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், மேலாளர்கள் இதை நிஜமாகவே கேட்பார்கள். தவறான டேபிளுக்கு ‘டிராப்’ கொடுத்தால் ரெய்டு 1 அதைத் தயக்கமில்லாமல் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் நிறைவேற்றும். டிஸ்க் பழுதிலிருந்து மட்டும்தான் ரெய்டு காக்கும். மனிதத் தவறு, மென்பொருள் பிழை, ரான்சம்வேர், தீ, வெள்ளம் எதுவும் அதன் பொறுப்பில் இல்லை.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்தது இதற்கு நல்ல பாடம். அவர்களே எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது, அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். பிரதி சர்வரில் உள்ள தரவு அடைவை அழிப்பதாக நினைத்து ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜி.பி. தரவில் 4.5 ஜி.பி.தான் மிஞ்சியது. தினசரி பேக்கப்பைத் தேடினால் அது இல்லை. போஸ்ட்கிரெஸ் 9.6-க்கு 9.2 பதிப்பின் கருவி ஓடிக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு முறையும் தோற்றிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் கையொப்பச் சிக்கலால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. இடையில் நடந்த ஆறு மணி நேர மாற்றங்கள் போயின. அந்தக் கதையில் ஒரு டிஸ்க்கும் பழுதாகவில்லை.

‘மீட்டுப் பார்க்கும்வரை உன் பேக்கப் உயிரோடிருக்கிறதா, செத்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாது’ என்று சொல்லும் ஜோக் ஒன்று, பெட்டியைத் திறக்கும்வரை பிழைத்ததா என்று தெரியாத இயற்பியல் பூனையை வைத்துப் பிறந்தது. இந்த அத்தியாயத்தில் வந்த எல்லா ஜோக்குகளிலும் இதைத்தான் சுவரில் எழுதி ஒட்டலாம் என்பேன். ரெய்டு நிலையைத் தேர்வு செய்ய ஒரு வாரம் விவாதிக்கும் குழு, மீட்புச் சோதனைக்கு ஒரு மதியத்தை ஒதுக்குவதில்லை.

ஆகவே புது டிஸ்க் அடுக்குக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நேற்றிரவு எடுத்த பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றுங்கள். டேட்டாபேஸ் திறக்கிறதா, முக்கியமான டேபிள்களில் வரி எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு, உங்கள் மேலாளரிடம் கொடுங்கள். அடுத்த மாதமும் அதையே செய்யுங்கள்.